40 அடி மோட்டார் படகை லாரியில் ஏற்றும் முன்: எதைக் கழற்றுவது, எதை அளப்பது, எதை விட்டுவிடலாம்

உங்கள் கேள்வி இது: இரட்டை டீசல் இன்ஜின், ஷாஃப்ட் டிரைவ் (நீண்ட தண்டால் சுழலும் புரொப்பெல்லர்), மேலே ஃப்ளைபிரிட்ஜ் (கேபின் கூரை மேல் உள்ள ஓட்டுமேடை) உள்ள 40 அடி ஃபைபர் மோட்டார் படகைச் சென்னையிலிருந்து கொச்சிக்கு லோபெட் (தளம் தாழ்ந்த) டிரெய்லரில் கொண்டுபோக வேண்டும், ஷ்ரிங்க் ராப் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை) சுற்றினால் போதுமா, வேறு எதையெல்லாம் கழற்ற வேண்டும்? சுற்றுவது கடைசி வேலை, சில படகுகளுக்குத் தேவையே இல்லாத வேலை. உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தாங்கும் என்று நம்பிக் கட்டிய 12 டன் பொருளை, ஐந்தாறு மரக்கட்டைகள் மேல் உட்காரவைத்து, 700 கிலோமீட்டர் குலுக்கிக்கொண்டு போனால் முதலில் எது போகும்? அதற்குப் பதில் தெரிந்தால் எதைக் கழற்றுவது என்பது தானே தெரிந்துவிடும்.

பொறுப்பு யாருடையது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். படகைத் தயார் செய்வது உரிமையாளர் வேலை. ஏற்றிக் கட்டி ஓட்டுவது டிரான்ஸ்போர்ட்காரர் வேலை. சரக்குக் காப்பீட்டில் மிக விரிவான பாதுகாப்பு தரும் 'இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸஸ் ஏ' விதிகளில்கூட, சரக்கைச் சரியாகப் பொதியாததால், தயார் செய்யாததால் வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறது. அதாவது, கழற்றாமல் விட்ட ரேடார் மரக்கிளையில் மாட்டி உடைந்தால் இழப்பீடு கேட்பது கடினம். உங்கள் படகுக்கு ஏற்கெனவே உள்ள ஹல் பாலிசி தரைவழிப் பயணத்துக்கும், கிரேனில் தூக்கி இறக்குவதற்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேதம் ஓட்டத்தில் நடப்பது போலவே தூக்கும்போதும் இறக்கும்போதும் நடக்கும்.

இனி உயரம். மற்ற எல்லா முடிவுகளும் இதில்தான் தொங்குகின்றன. படகின் புரோஷரில் உள்ள உயரத்தை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் நீர்மட்டத்திலிருந்து எடுத்த அளவு. படகு கரையில் நிற்கும்போது, ஏராக்கட்டையின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) அடியிலிருந்து கழற்ற முடியாத உச்சிப் புள்ளி வரை டியூப் லெவலும் தூக்குக்குண்டும் வைத்து நீங்களே அளக்க வேண்டும். சுக்கானோ புரொப்பெல்லரோ ஏராவுக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த அளவைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். படகைத் தாங்கும் அடிக்கட்டைகளை அந்த அளவுக்கு உயர்த்த வேண்டியிருக்கும், படகும் அந்த அளவு மேலே போகும். ஒரு கணக்கு பாருங்கள். ஏராவிலிருந்து ரேடார் ஆர்ச் (ரேடாரைத் தாங்கும் வளைவு) உச்சி 5.1 மீட்டர், ஃப்ளைபிரிட்ஜ் கண்ணாடி உச்சி 4.3, ஃப்ளைபிரிட்ஜையே எடுத்துவிட்டால் கேபின் கூரை 3.3 என்று வைத்துக்கொள்வோம். லோபெட்டின் தளம் தரையிலிருந்து 0.95 மீட்டர், அடிக்கட்டை 0.20. ஆர்ச்சோடு போனால் 6.25, ஆர்ச்சை மட்டும் எடுத்தால் 5.45, ஃப்ளைபிரிட்ஜையும் எடுத்தால் 4.45. தேசிய நெடுஞ்சாலைகளில் மேலே குறுக்கிடும் கட்டுமானங்களுக்கு வைக்கும் அளவு 5.5 மீட்டர். தாளில் 5.45 தப்பித்துவிடும். ஆனால் சாலையை மறுபடி மறுபடி தார் போட்டு உயர்த்தியிருப்பார்கள், டிரெய்லர் மேடுபள்ளத்தில் எம்பும், ஊருக்குள் மின்கம்பி தொய்ந்திருக்கும். 5 சென்டிமீட்டர் இடைவெளி இடைவெளியே இல்லை. 4.5 மீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலான கவலை போய்விடும். 5 மீட்டரைத் தாண்டினால், முன்னால் வழிகாட்டிப் போகும் பைலட் வண்டியில் படகைவிட 15 சென்டிமீட்டர் உயரமான ஃபைபர் கோலைக் கட்டிக்கொண்டு முழு வழியையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்காமல் கிளம்பக் கூடாது என்பது என் கருத்து. தாழ்ந்த மின்கம்பியை மூங்கிலால் தூக்கிவிட்டு வண்டியை நுழைக்கும் பழக்கம் நம் சாலைகளில் உண்டு. உயிர் போகும் வேலை அது. மின்வாரியத்தை அழைத்து மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் கம்பிக்குக் கீழே போக வேண்டும்.

அகலத்தில் உங்களுக்குத் தேர்வு இல்லை. 40 அடிப் படகின் அகலம் ஏறத்தாழ 4 மீட்டர். சாதாரண வண்டிக்கு மோட்டார் வாகன விதிகள் அனுமதிப்பது 2.6 மீட்டர். எனவே இது எப்படிப் பார்த்தாலும் ஓ.டி.சி. என்று சொல்லப்படும் அளவு மீறிய சரக்குதான், முன் அனுமதி வேண்டும். அனுமதியை டிரான்ஸ்போர்ட்காரர் எடுப்பார். ஆனால் அவர் எழுதுவது நீங்கள் தரும் அளவைத்தான். பக்கவாட்டு ரப்பர் பட்டையையும் சேர்த்து அளந்து கொடுங்கள். இ-வே பில் (ஜி.எஸ்.டி.யின் மின்னணுச் சரக்குச் சீட்டு) எடுக்க வேண்டிய நிலை உங்களுக்கு இருந்தால் அதில் ஒரு பொறி உண்டு: சாதாரண வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், ஓ.டி.சி. வண்டிக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் கணக்கிடப்படுகிறது. வாகன வகையை மாற்றிக் குறித்துவிட்டால் 700 கிலோமீட்டருக்கு நான்கு நாள்தான் கிடைக்கும். மெதுவாகவும் பெரும்பாலும் பகலிலும் நகரும் படகு வண்டி நடுவழியில் காலாவதியான பில்லோடு நிற்கும்.

ஃப்ளைபிரிட்ஜை எடுப்பது என்று முடிவானால், அதுதான் இந்த முழு வேலையிலும் பெரியது. டிரெய்லர் வரும் நாளுக்கு ஒரு வாரமாவது முன்னால் தொடங்குங்கள். ஒவ்வொரு வயரையும் ஹோஸையும் பிரிப்பதற்கு முன் படம் எடுத்து, பிரியும் இரண்டு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். கனெக்டர் இருந்தால் கழற்றுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எல்லா வயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் படிப்படியாக இடம் மாற்றி வெட்டினால், மீண்டும் இணைக்கும்போது கட்டு தடிக்காது, தப்பாகச் சேர்க்கவும் மாட்டீர்கள். ஹைட்ராலிக் ஸ்டியரிங் குழாய்களின் வாய்களை உடனே மூடிவிட வேண்டும். உள்ளே போகும் ஒரு துளி மணல் பம்ப்பின் சீலைத் தின்றுவிடும். போல்ட்டுகள் எல்லாம் கழன்ற பிறகும் ஃப்ளைபிரிட்ஜ் அசையாது. காரணம், கட்டும்போது இடையில் போட்ட பாலியூரிதேன் பசை. கிரேனை மாட்டி இழுத்துப் பிரிக்கப் பார்த்தால் கேபின் கூரையின் ஃபைபர் அடுக்கு உரிந்து கையோடு வரும். மெல்லிய பிளேடு போட்ட ஆசிலேட்டிங் கட்டரால் சுற்றிலும் அறுத்து, மர ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, தானாக எழும்பிய பிறகே தூக்க வேண்டும். எழும்ப மறுக்கும் இடத்தில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூ ஒன்று நிச்சயம் உண்டு. உள்கூரைப் பலகைக்குப் பின்னால், விளக்குக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்கு அடியில் தேடுங்கள். எடுத்த ஃப்ளைபிரிட்ஜுக்குத் தனித் தொட்டில் செய்து தனி வண்டியில் அனுப்புங்கள். "முன்தளத்தில் வைத்துக் கட்டிவிடலாம்" என்று சொல்வார்கள். 700 கிலோமீட்டர் தேய்ந்த பிறகு இரண்டு பரப்புக்கும் பாலிஷ் போட வேண்டிவரும்.

சிறிய பொருட்களில் ஒரே விதி: காற்றில் ஆடக்கூடியது, குலுக்கலில் கழலக்கூடியது எதுவும் வெளியே இருக்கக் கூடாது. ஆன்டெனா, ரேடார், விளக்குக் கம்பம், உயிர்காப்பு மிதவை, டிங்கி, கேன்வாஸ் கூரை, அதன் சட்டங்கள் எல்லாம் இறங்க வேண்டும். நங்கூரத்தை அணியத்தின் (படகின் முன்முனை) ரோலரில் தொங்கவிட்டு அனுப்பாதீர்கள், அதன் சங்கிலியையும் லாக்கரில் விடாதீர்கள்: 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் எடை, 60 மீட்டர் சங்கிலி ஒரு பெரிய ஆளின் எடையைவிட அதிகம், அது குலுங்கிக் குலுங்கி லாக்கரின் தரையைக் குத்தும். எரிவாயு சிலிண்டரும் அவசரக் காலத்தில் கொளுத்தும் ஃப்ளேர்களும் படகில் இருக்கவே கூடாது. உள்ளே இழுப்பறைகளையும் கதவுகளையும் ஒட்டுவதற்குப் பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பை வாங்குங்கள். பொதி கட்டும் பழுப்பு டேப் நம் வெயிலில் ஒரே பகலில் வார்னிஷோடு வெந்துவிடும். முன்பக்கமாகத் திறக்கும் மூடிகளைத் தாழ்ப்பாளை மட்டும் நம்பி விடாதீர்கள். எதிரே வரும் பேருந்தின் காற்று அவற்றைப் பிடுங்கும். வெளியே கழற்றியவற்றைப் படுக்கை மேல் அடுக்கிவைப்பதும் தவறு. மெத்தையில் உட்காரவைத்த ரேடார் முதல் வேகத்தடையில் பறக்கும்.

எடையைக் குறைப்பது கிரேனுக்கும் படகுக்கும் நல்லது. நன்னீர் டாங்க், வெந்நீர் டாங்க், கழிவு டாங்க், பில்ஜ் (படகின் அடியில் நீர் தேங்கும் இடம்) எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். டீசலில்தான் கருத்து வேறுபாடு. முழுக்க வடிக்கச் சொல்பவர்கள் உண்டு. காலியான டாங்கில் கடலோர ஈரம் படிந்து தண்ணீர் சேரும் என்பவர்களும் உண்டு. 1,000 லிட்டர் டீசல் ஏறத்தாழ 840 கிலோ, அது அலையடிக்கும்போது டாங்கின் தடுப்புப் பலகைகளை மோதும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கால் டாங்கோ அதற்குக் கீழோ வைப்பது இரண்டுக்கும் நடுவழி. எவ்வளவு வைத்தாலும் அடியில் உறங்கிய கசடு எழும்பிவிடும் என்பதால், கொச்சியில் இன்ஜினை இயக்கும்போது ஒரு ஜோடி புது ஃபில்டர் கையில் இருக்கட்டும். டாங்கின் காற்றுத் துளையை அடைக்காதீர்கள். வெயிலில் டீசல் விரியும். புரோஷரில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் படகின் எடை. கிரேன்காரரிடம் அதைவிட 15–20 சதவீதம் கூட்டிச் சொல்லுங்கள். 12 டன் படகுக்கு 12 டன் கிரேன் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள்: கை நீள நீள கிரேனின் தூக்கும் திறன் சரசரவென்று குறையும். கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை டன் கிரேன்" என்பது அல்ல, "8 மீட்டர் தூரத்தில் எத்தனை டன் தூக்கும்" என்பது.

தூக்கும் பெல்ட்டுகள் எங்கே வர வேண்டும் என்று பல படகுகளில் பக்கவாட்டில் குறி ஒட்டியிருக்கும். இல்லையென்றால் கட்டியவரின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஷாஃப்ட், அதைத் தாங்கும் பிராக்கெட், ஆழம் காட்டும் சென்சார் இவற்றின் மேல் பெல்ட் ஏறினால் வளைவது நிச்சயம். மேலே குறுக்குச் சட்டம் போடாமல் பெல்ட்டுகளை நேராகக் கொக்கியில் குவித்தால் படகின் இரண்டு விளிம்புகளும் உள்நோக்கி நசுங்கும். அணியம் கீழே சரிவாக இருப்பதால் முன் பெல்ட் வழுக்கி முன்னால் ஓடப் பார்க்கும். முன் பெல்ட்டையும் பின் பெல்ட்டையும் ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்துவிட வேண்டும்.

வெளிநாடுகளில் படகுக்கென்றே செய்த ஹைட்ராலிக் டிரெய்லர்கள் உண்டு. ஏரா தரையை ஒட்டி ஓடும். இங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது பொதுவான லோபெட், ஆகவே தொட்டிலை நீங்கள்தான் செய்விக்க வேண்டும். அடிப்படை இதுதான்: எடை முழுவதும் ஏராவில் உட்கார வேண்டும், பக்கத் தாங்கல்கள் சாயாமல் பிடிக்க மட்டுமே. பக்கத் தாங்கல் எடையைச் சுமக்க ஆரம்பித்தால் அந்த இடத்தில் ஃபைபர் உள்ளே குழியும், வெளியே ஜெல்கோட் (ஃபைபர் மேல் உள்ள பளபளப்புப் பூச்சு) மயிரிழையாக வெடிக்கும். பாலத்தூண் மேல் பாலம் நிற்பதுபோல, அடிக்கட்டைகள் உள்ளே குறுக்குத் தடுப்புகள் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே வர வேண்டும். மர சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் வெற்றுச் சத்தம் அடங்கிக் கெட்டிச் சத்தம் வரும் இடம் அதுதான், சாக்பீஸால் குறியுங்கள். 12 மீட்டர் படகுக்கு ஸ்லீப்பர் கட்டை போன்ற கெட்டி மரத்தில் நான்கு இடத்திலாவது அடிக்கட்டை, பக்கத்துக்கு நான்கு தாங்கல். தாங்கலின் தலையில் தடித்த ரப்பரும் கார்ப்பெட்டும் வைத்து, கார்ப்பெட்டுக்கும் படகுக்கும் நடுவே ஒரு பாலிதீன் தாள் போடுங்கள். கார்ப்பெட் மணலைப் பிடித்துவைத்துக்கொண்டு உப்புத்தாள்போல் தேய்க்கும். இதே காரணத்துக்காக ஏற்றுவதற்கு முன் அடிப்பகுதியைப் பிரஷர் வாஷ் செய்து ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டிவிட வேண்டும். எண்ணூர்ப் பக்கம் 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் சொல்லும் அந்நிய மட்டி படகுகளில் தொற்றிக்கொண்டும் ஊர் ஊராகப் பரவக்கூடியது. உங்கள் படகு அதற்கு வண்டியாக வேண்டாம்.

டிரெய்லரைப் பற்றி ஒன்று கேளுங்கள்: ஏர் சஸ்பென்ஷனா, பட்டை ஸ்பிரிங்கா? 40 டன்னுக்குச் செய்த பட்டை ஸ்பிரிங் 12 டன் ஏற்றினால் வளையவே வளையாது, ஒவ்வொரு குழியும் அப்படியே படகுக்குள் இறங்கும். ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு வாடகை கூடினாலும் கொடுக்கலாம். கட்டும் பெல்ட் பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் நனைந்தால் நீளும். கைப்பிடிக் கம்பி மேல் பெல்ட் போகக் கூடாது. முதல் 30 கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தி பெல்ட்டை இறுக்கும் எல்லா ராட்செட்டையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். கட்டைகள் உட்கார்ந்து பெல்ட் நிச்சயம் தளர்ந்திருக்கும்.

இன்ஜின் அறையில் பாட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, முனைகளை மூடி, பாட்டரிகளைக் கட்டிவையுங்கள். சுக்கானை நடுவில் நிறுத்திக் கட்டுங்கள். புரொப்பெல்லர்களைக் கழற்றிப் பெட்டியில் போடுவது நல்லது. இடது, வலது என்று பெயின்டில் எழுதாமல் போடாதீர்கள். இரட்டை இன்ஜினில் அவை எதிரெதிராகச் சுழல்பவை, மாற்றி மாட்டினால் முன்னால் போகச் சொன்னால் படகு பின்னால் போகும். ஷாஃப்ட் கப்ளிங்கின் (ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸும் சேரும் இணைப்பு) போல்ட்டுகளைப் பிரித்துவிட வேண்டுமா என்பதில் மெக்கானிக்குகள் ஒத்துப்போவதில்லை. மென்மையான ரப்பர் மவுன்ட்டில் இன்ஜின் ஆடும்போது கியர்பாக்ஸில் விசை ஏறாமல் இருக்கப் பிரிப்பது பாதுகாப்பு. ஆனால் பிரித்த ஷாஃப்ட் பின்னால் நழுவாமல் கட்டவில்லை என்றால் பிரித்ததே ஆபத்தாகும். டிரெய்ன் பிளக்கை (படகின் வடிகால் துளை மூடி) கழற்றித் துளையைத் திறந்தே விடுங்கள், மழைநீர் வெளியேறட்டும். கழற்றிய பிளக்கை ஒரு பையில் போட்டு ஸ்டியரிங் சக்கரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். இறக்கும் நாளில் அது கண்ணில் பட்டே ஆக வேண்டும்.

இப்போது ஷ்ரிங்க் ராப். தார்ப்பாய் கூடவே கூடாது என்பது உறுதி: எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது படபடத்து ஜெல்கோட்டை மங்கலாகத் தேய்த்துவிடும். ஷ்ரிங்க் ராப் நன்றாகச் சுற்றினால் தூசியையும் மழையையும் தடுக்கும். ஓரிடத்தில் கிழிந்தால் அதுவும் தார்ப்பாய்தான். உள்ளே ஈரம் அடைந்து பூஞ்சை பிடிப்பதும் உண்டு. சுற்றும்போது வெப்பத் துப்பாக்கியின் தீயும் எரிபொருள் ஆவியும் ஓரிடத்தில் சேரும் அபாயமும் உண்டு. ஃப்ளைபிரிட்ஜை எடுத்த திறப்பை பிளைவுட்டால் மூடி, ஓரங்களைக் கழற்றக்கூடிய சீலன்ட்டால் அடைத்து, மற்றதைத் திறந்தே அனுப்புவதுதான் என் விருப்பம். போய்ச் சேர்ந்ததும் கழுவினால் போயிற்று.

வழியில் ஒரு தேர்வு உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகப் போனால் தொப்பூர் இறக்கம் சேலம் நோக்கி வரும் திசையில்தான் விழும். உச்சி கனத்த இந்தச் சுமைக்கு அது வேண்டாம். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சேலம் வழி தட்டையானது. கோவையில் நீலாம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலை இருவழிச் சாலை. 4 மீட்டர் படகு எதிர்வரிசையையும் கொஞ்சம் பிடிக்கும் என்பதால் பைலட் வண்டி முன்னாலும் பின்னாலும் வேண்டும். அதற்கப்பால் பாலக்காட்டுக் கணவாய் மலையேறும் வேலையை மிச்சப்படுத்துகிறது, குதிரான் சுரங்கப்பாதையும் இப்போது திறந்திருக்கிறது. சென்னையில் வடகிழக்குப் பருவமழையும் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையும் இல்லாத ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

கிளம்பும் முன் படகைச் சுற்றிலும் தேதியோடு படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள கீறல்களை எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குங்கள். கொச்சியில் வண்டி வந்ததும் பெல்ட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் அதே படங்களை மறுபடி எடுங்கள். முக்கியமாகத் தாங்கல்களைச் சுற்றியுள்ள இடங்களை. அடையாளம் இருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுதுங்கள். பிளக்கை மாட்டி, கடல்நீர் வால்வுகளைச் சரிபார்த்து, தண்ணீரில் இறக்கியதும் கால் மணி நேரமாவது கிரேன் பெல்ட்டிலேயே நிறுத்தி, உள்ளே இறங்கி ஒவ்வொரு வால்வையும் ஷாஃப்ட் சீலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டு விடாத வகை சீல் என்றால், அதன் பெல்லோஸை (மடிப்பு ரப்பர் குழாய்) கையால் பின்னுக்கு அழுத்தித் தண்ணீர் பீய்ச்சும் வரை காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று அடைந்தபடி ஓட்டினால் சீல் முகம் சில நிமிடங்களில் வெந்துவிடும். கயிறு அடைத்த பழைய வகை என்றால் காய்ந்திருக்கும், முதலில் அதிகம் சொட்டும். உடனே இறுக்காமல் ஊற விட்டுப் பிறகு இறுக்குங்கள். ஷாஃப்ட் அலைன்மென்ட்டை அன்றைக்கே பார்க்காதீர்கள். கட்டை மேல் இருந்த படகு தன் வடிவத்துக்குத் திரும்ப ஓரிரு நாள் எடுக்கும். அதன் பிறகு கப்ளிங்கைத் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சுற்றிலும் அளந்தால், 100 மி.மீ. ஃபிளாஞ்சில் இடைவெளி வித்தியாசம் 0.1 மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் இன்ஜின் மவுன்ட்டைத் திருத்திவிட்டு, பிறகுதான் வேகம் எடுத்து ஓட்ட வேண்டும்.